முதல் நெடுந்தூர சைக்கிள் பயணம்: எட்டு வாரத்தில் தயாராவது எப்படி?

தோட்டப்புற மக்களுக்குச் சைக்கிள் புதிதல்ல. வேலைக்காட்டுக்குப் போகவும், தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடவும், கடையில் சாமான் வாங்கவும் அதுவே துணையாக இருந்தது. இப்போது உடற்பயிற்சிக்காகப் பலர் மீண்டும் சைக்கிளை வெளியே எடுக்கிறார்கள். நாளுக்குப் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவருக்கு, ஒரு நாள் நீண்ட தூரம் போய்ப் பார்க்கும் ஆசை வருவது இயல்பு.

ஆனால் 80 கிலோமீட்டர் என்பது பத்து கிலோமீட்டரின் எட்டு மடங்கு மட்டும் அல்ல. முதல் ஒன்றரை மணி நேரம் உடலில் சேமித்து வைத்த சக்தியிலேயே ஓடிவிடலாம். அதற்குப் பிறகுதான் தாகமும் பசியும் வெயிலும் சேர்ந்து ஆளைச் சாய்க்கும். அந்த நேரத்தில் வீடு இன்னும் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கக்கூடும். எனவே, போய்ச் சேருவதற்கு மட்டுமல்ல, பத்திரமாகத் திரும்புவதற்கும் தயாராக வேண்டும்.

எந்தப் பாதை?

முதல் பயணத்துக்குச் சமதரையான பாதையே நல்லது. சிலாங்கூரில் இருப்பவர்களுக்குக் கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோல சிலாங்கூர் செல்லும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலை ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வழிக்கு 40 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பெரிய ஏற்றம் இல்லை. வழியில் சாப்பாட்டுக் கடைகளும் பெட்ரோல் நிலையங்களும் உண்டு. முடிவில் புக்கிட் மெலாவாத்தியும் அங்குள்ள குரங்குகளும் காத்திருக்கும்.

அதே சாலையில் கனரக லோரிகளும் ஓடுகின்றன. குறிப்பாகக் காப்பார் வரை தொழிற்சாலைப் போக்குவரத்து அதிகம். அதனால் ஞாயிறு அதிகாலையே ஏற்றது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை போன்ற விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. கைப்பேசி வரைபடம் காட்டும் வழியை முதல் நாளே சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

எட்டு வாரப் பயிற்சி

வாரத்தில் மூன்று நாள் ஓட்டினால் போதும். இரண்டு நாள் 10 முதல் 15 கிலோமீட்டர் வரை. ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டம் இப்படி வளரலாம்:

1, 2ஆம் வாரம்: 20 முதல் 25 கிலோமீட்டர்
3, 4ஆம் வாரம்: 30 முதல் 40 கிலோமீட்டர்
5, 6ஆம் வாரம்: 45 முதல் 55 கிலோமீட்டர்
7ஆம் வாரம்: 60 முதல் 65 கிலோமீட்டர்
8ஆம் வாரம்: இரண்டு குறுகிய ஓட்டம், பிறகு ஓய்வு, வார இறுதியில் பயணம்

மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். கனமான கியரில் அழுத்தி மிதித்தால் முட்டி வலிக்கும். இலகுவான கியரில் வேகமாகக் கால் சுற்றுவதே நல்லது.

சைக்கிள் எப்படி இருக்க வேண்டும்?

விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. இருக்கையின் உயரம் சரியாக இருப்பதுதான் முக்கியம். மிதிகட்டை அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிரேக், சங்கிலி, டயர் மூன்றையும் ஒரு வாரம் முன்பே கடையில் காட்டிவிடலாம்.

டயரின் பக்கவாட்டில் காற்றழுத்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். அது பி.எஸ்.ஐ. அளவில் இருந்தால் ஏழால் பெருக்கினால் கிட்டத்தட்ட கிலோபாஸ்கல் கிடைக்கும். 40 பி.எஸ்.ஐ. என்பது ஏறக்குறைய 280. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற வால்வு என்றால் பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கலாம். மெலிந்த வால்வுக்குத் தனி இணைப்பான் வேண்டும்.

டயரின் அளவுக்குப் பொருந்தும் மாற்று டியூப் ஒன்று, டயர் கழற்றும் நெம்பு, சிறிய பம்பு ஆகியவை பையில் இருக்க வேண்டும். டியூப் மாற்றுவதை வீட்டிலேயே இரண்டு முறை செய்து பழகுவது நல்லது. தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, பளிச்சென்ற சட்டை ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது.

தண்ணீரும் சாப்பாடும்

நம் நாட்டு வெப்பத்தில் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு முறை சில மடக்குக் குடிக்கலாம். வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பும் போவதால், ஒரு போத்தலில் உப்புச் சத்துள்ள பானம் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு முன் இட்லியோ ரொட்டியோ போதும். எண்ணெய்ப் பலகாரமும் நாசி லெமாக்கும் திரும்பி வந்த பிறகு. வழியில் மணிக்கு ஒரு முறை வாழைப்பழமோ பேரீச்சம்பழமோ சாப்பிடலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்திற்கு

மலேசியாவில் நீரிழிவு விகிதம் இந்தியரிடையேதான் அதிகம். சைக்கிள் ஓட்டுவது அதைக் கட்டுப்படுத்த உதவும். ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை திடீரென இறங்கலாம். பயணம் முடிந்து பல மணி நேரம் கழித்தும் அது நேரலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், நாற்பது வயதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்குபவர்களும் பயிற்சிக்கு முன்பே அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். கைநடுக்கமும் குளிர் வியர்வையும் வந்தால் உடனே நிறுத்திச் சாப்பிட வேண்டும்.

பயண நாளில்

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கோல சிலாங்கூரை எட்ட இரண்டரை மணி நேரம் ஆகும். காலை 6.30க்கு விளக்குடன் புறப்பட்டால் 9 மணிக்குச் சேரலாம். அரை மணி நேர ஓய்வுக்குப் பின் திரும்பினால் வீடு வர நண்பகல் ஆகிவிடும். அந்த வெயில் தாங்காது என்று நினைப்பவர்கள் ஒரு வழி மட்டும் ஓட்டிவிட்டு, வீட்டாரைக் காருடன் வரச் சொல்லலாம். அது தோல்வி ஆகாது.

திரும்பும் நேரத்தை முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. 9.15க்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று முடிவானால், அதை மீறக் கூடாது. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பயணத்தைத் தள்ளிப் போடலாம்.

தலைச்சுற்றல், குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது ஆகியவை உடல் சூடேறியதன் அறிகுறிகள். நிழலில் அமர்ந்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, அன்றைய ஓட்டத்தை அத்துடன் முடித்துக்கொள்ள வேண்டும். பேச்சுக் குழறினாலோ நெஞ்சு வலித்தாலோ 999ஐ அழைக்க வேண்டும்.

போகும் வழி, திரும்பும் நேரம், உடன் வருபவர் பெயர் மூன்றையும் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படலாம். சாலை அடுத்த ஞாயிறும் அங்கேயே இருக்கும்.