நிகமமும் நயினாரும்: ஒரு டில்லி வியாபாரியின் வரலாற்றுத் தேடல்

நம் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, நான் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் அல்லன், காகித வியாபாரி என்றுதான் முதலில் சொன்னேன். ஆனாலும் நாற்பது வருஷமாக ஒரு கேள்வி என்னை விடவில்லை. "நீங்க யாரு, எந்த ஊர்?" என்பதுதான் அது.

1982-இல் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்திலிருந்து டில்லிக்கு வந்தேன். நாங்கள் தமிழ்ச் சமணர். ஊரில் நயினார் என்பார்கள். பேசுவது தமிழ். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவோம். சாவ்டி பஜாரில் கடை பிடிக்கப் போனால், "மதறாஸியா? அப்புறம் எப்படி ஜைன்?" என்று சிரித்தார்கள். தமிழ் அன்பர்கள் வீட்டுக்குப் போனால், "சேட்டா நீங்க? தமிழ் நல்லா பேசுறீங்களே!" என்றார்கள். இரண்டு இடத்திலும் நான் விருந்தாளிதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைப் பலகையில் ஊர்ப் பெயரின் முதலெழுத்தை எடுத்துவிட்டு, என் பெயரோடு 'ஜைன்' என்று சேர்த்துக்கொண்டேன். சரக்குக் கடனுக்குக் கிடைத்தது. வாடகை வீடும் கிடைத்தது. பையனுக்குப் பள்ளிக்கூடத்திலும் அதே பெயர். மெல்ல வீட்டுக்குள் ஹிந்தி வந்தது. சில வருஷங்களுக்கு முன் என் பேத்தி, "தாத்தா, நாம தமிழா, ஜைனா?" என்று ஹிந்தியில் கேட்டாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. புத்தகங்களைத் தேடிப் போனேன்.

கல்லில் கிடைத்த சொல்

மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டவை. சமண முனிவருக்குக் கற்படுக்கை செய்து கொடுத்த செய்தியைச் சொல்பவை. அவற்றில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. வெள்ளறை ஊரின் 'நிகமம்' என்ற வணிகர் குழுவும் வருகிறது. நிகமம் என்பது பிராகிருதச் சொல். சமயமும் வடக்கேயிருந்து வந்ததுதான். ஆனால் கல்வெட்டின் மொழி தமிழ். கொடை கொடுத்தவர்கள் உள்ளூர் வியாபாரிகள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. டில்லி மாநகராட்சிக்கு ஹிந்தியில் 'நகர் நிகம்' என்று பெயர். ஆயுள் காப்பீட்டுக் கழகம் 'ஜீவன் பீமா நிகம்'. இத்தனை வருஷமாக அந்நியமாக நினைத்த சொல், பாண்டிய நாட்டுப் பாறையில் ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே இருக்கிறது.

ஓர் ஊரில் மூன்று கோயில்

எல்லாம் இனிமையாகவே நடந்தது என்று சொல்ல வரவில்லை. 7-ஆம் நூற்றாண்டு தொடங்கிச் சைவருக்கும் சமணருக்கும் கடுமையான பூசல்கள் இருந்தன. பல ஊர்களில் எங்கள் முன்னோர் செல்வாக்கு இழந்தார்கள். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. ராஜராஜனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார், திண்டிவனம் அருகே தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, ஜினருக்கு ஒன்று என மூன்று கோயில் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. போளூர் அருகே திருமலையிலும் குந்தவை ஜினாலயம் உண்டு. 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் சைவ மடத்தில் படித்தவர். நூலின் சமணக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டுத் தெளிந்தவர்.

தெற்கிலிருந்து வடக்கே

செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் இருக்கிறது. நாங்கள் சொல்லும் மங்கள சுலோகத்தில் மகாவீரர், கௌதமர் பெயர்களுக்கு அடுத்து வருவது குந்தகுந்தர் பெயர். அவர் தவம் செய்தது வந்தவாசி அருகே பொன்னூர் மலையில் என்பது எங்கள் மரபு. அவருடைய சமயசாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் தமிழ்ச் சமணரான பேராசிரியர் அ. சக்கரவர்த்தி. 1950-இல் காசியிலிருந்து அதை வெளியிட்டது பாரதிய ஞானபீடம். பின்னாளில் அகிலனுக்கும் ஜெயகாந்தனுக்கும் விருது தந்ததும் அதே ஞானபீடம்தான்.

இதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ராஜஸ்தான் ஜைனர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ எங்க குரு உங்க ஊர்க்காரரா!" என்று கேட்டு டீ வரவழைத்தார்.

நம் பொறுப்பு

2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஜைனர் சுமார் 44.5 லட்சம், தமிழ்நாட்டில் சுமார் 89 ஆயிரம். அதிலும் வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்கள் உண்டு. 2014 ஜனவரியில் ஜைனர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டார்கள். சமயத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது. மொழிக்கு? அரசியல் சாசனத்தின் 29-ஆம் பிரிவு, தனி மொழியும் பண்பாடும் கொண்டவர்கள் அவற்றைக் காத்துக்கொள்ளலாம் என்று உரிமை தருகிறது. உரிமைதான் தரும். குழந்தையோடு தமிழில் பேசுவது நம் வேலை. அந்த வேலையில் நான் தவறியவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கடைப் பலகையில் முதலெழுத்தைத் திரும்பவும் போட்டுவிட்டேன். ஒரு வாடிக்கையாளரும் குறையவில்லை. பேத்தியிடம், "ரெண்டும்தான் கண்ணு. ஒண்ணுக்காக இன்னொண்ணை விட வேண்டாம்" என்று சொன்னேன். அவள் இப்போது ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். ஆசிரியை நன்னூலைப் பற்றிச் சொன்னபோது, அதை எழுதிய பவணந்தி முனிவர் சமணர் என்று எழுந்து நின்று சொன்னாளாம். தமிழிலேயே சொன்னாளாம்.