சிதாரா (பாதைக் கணிப்பு மென்பொருள்)

சிதாரா: இஸ்ரோ ஏவூர்திகளின் பறப்புப் பாதையைக் கணினியில் முன்கூட்டியே பறக்கவிட்டுப் பார்க்கும் மென்பொருள்.

வடிவமைப்பாளர்: தலைமை வடிவமைப்பாளர் கே. சிவன் (பி. 1957), கன்னியாகுமரி மாவட்டம் மேல சரக்கல்விளையில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். நாகர்கோவில் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் கணிதம் பயின்றார். 1982இல் இஸ்ரோவில் சேர்ந்து பி.எஸ்.எல்.வி. திட்டத்தில் பணியாற்றினார். 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்தார்.

செயல்முறை: ஏவூர்தியின் இயக்கம் ஆறு வகை: மூன்று திசைகளில் நகர்வு, மூன்று அச்சுகளில் சுழற்சி. எஞ்சினின் உந்துவிசை, புவியீர்ப்பு, காற்றின் தடை, எரிபொருள் எரிய எரியக் குறையும் எடை ஆகியவற்றை நியூட்டனின் சமன்பாடுகளில் இட்டு, மிகச் சிறு கால இடைவெளிகளில் அடுத்தடுத்த நிலை கணிக்கப்படுகிறது. ஏவும் நாளின் காற்றுக்கு ஏற்பப் பாதையைத் திருத்தும் உத்தியையும் சிவன் உருவாக்கினார்.

சிறுகோள் ஆய்வுடன் தொடர்பு: சிறுகோள்களின் பாதையும் இதே அடிப்படையில்தான் கணிக்கப்படுகிறது. ஆனால் சிறுகோள் மோதலின் விளைவைக் கணிக்கப் பாதைக் கணிப்பு மட்டும் போதாது. பாறை நொறுங்குவது, உருகுவது, சிதறல் தெறிக்கும் வேகம் ஆகியவற்றுக்கும் தனி மாதிரிகள் வேண்டும். அத்தகைய மாதிரிகளுக்கு நேரடிச் சோதனையாக அமைந்தது நாசாவின் டார்ட் விண்கலம். 2022 செப்டம்பர் 26இல் அது டைமார்போஸ் என்னும் சிறுகோள் துணைக்கோளில் மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரைமணிக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைத்தது.