குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தண்ணீர் கசிகிறதா? மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியவை

பாலக்காடு: தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், குளிர்சாதனப் பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்குவது கேரள வீடுகளில் அடிக்கடி காணப்படும் ஒன்றாகும். தமிழக எல்லையை ஒட்டிய வாளையாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பகுதிகளும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, குமுளி, பீர்மேடு மலைப்பகுதிகளும் இதற்கு விலக்கல்ல. பெரும்பாலும் இது வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய சிறு கோளாறுதான். ஆனால் கவனிக்காமல் விட்டால் மின்விபத்துக்கும் டெங்கு காய்ச்சலுக்கும் வழிவகுக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே புகுந்து, குளிர்ந்த சுருள்களின் மீது உறைபனியாகப் படிகிறது. தானாகப் பனி நீக்கும் பெட்டிகளில் வெப்பக்கம்பி அதனை உருக்குகிறது. ஒற்றைக் கதவுப் பெட்டிகள் பலவற்றில் பொத்தானை அழுத்தி உருக்க வேண்டும். உருகிய நீர் வடிகால் துளை வழியாக இறங்கி, பின்புறம் கம்ப்ரசர் அருகிலுள்ள தட்டில் சேர்ந்து, அதன் வெப்பத்தில் ஆவியாகிறது.

மழைக்காலத்தில் உள்ளே புகும் ஈரம் அதிகம். நீர் ஆவியாவதோ மெதுவாகவே நடைபெறும். மூணாறு போன்ற குளிர்ப்பகுதிகளில் கம்ப்ரசர் இயங்கும் நேரமும் குறைவதால் தட்டு நிரம்பி வழியக்கூடும்.

இடத்தை வைத்துக் காரணத்தை அறியலாம்

* காய்கறிப் பெட்டியின் கீழ் நீர் தேங்கினால், வடிகால் துளை அடைபட்டிருக்கலாம். வெதுவெதுப்பான நீரை ஊசியில்லாச் சிரிஞ்சு மூலம் துளையில் மெதுவாகச் செலுத்தினால் அடைப்பு நீங்கும்.
* பின்புறத் தரையில் நீர் காணப்பட்டால், தட்டு நிரம்பியோ விரிசல் விட்டோ இருக்கலாம்.
* கதவோரம் நீர் வடிந்தால், ரப்பர் பட்டையைச் சோப்பு நீரால் துடைத்து, கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூட வேண்டும். தாள் எளிதில் உருவி வந்தால் பட்டையை மாற்றுவது நல்லது.

எச்சரிக்கை

எந்த வேலைக்கும் முன்பாகச் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஈரத் தரையில் நின்றபடியோ, ஈரக்கையாலோ பிளக்கைத் தொடக்கூடாது. தரை நனைந்திருந்தால் மெயின் சுவிட்சை முதலில் அணைக்க வேண்டும். பனிக்கட்டியைக் கத்தியால் குத்தி எடுப்பது ஆபத்தானது. புதிய பெட்டிகள் பலவற்றில் எளிதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன் வாயு பயன்படுத்தப்படுகிறது.

டெங்கு அபாயம்

தட்டில் தேங்கும் சிறிதளவு நீரே ஏடிஸ் கொசு முட்டையிடப் போதுமானது. முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ‘டிரை டே’ கடைப்பிடிக்குமாறு கேரள சுகாதாரத் துறை அறிவுறுத்தி வருகிறது. அந்த நாளிலேயே இதனையும் செய்துவிடலாம்.

இவற்றுக்குப் பிறகும் கசிவு தொடர்ந்தாலோ, குளிர்ச்சி குறைந்தாலோ, பெட்டியைத் தொடும்போது மின்சாரம் தாக்கினாலோ, அதன் பயன்பாட்டை நிறுத்திவிட்டுப் பயிற்சி பெற்ற பழுதுநீக்குநரை அழைக்க வேண்டும்.