அமராவதிக் கரையும் கோஸ் தீவு வெள்ளை ஒயினும்

"ஷார்டனே ஒயினுக்கு நம்ம ஊர்ச் சாப்பாட்டுல எது சேரும்?" என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. இதே கேள்வியை 2000 வருடம் பின்னால் தள்ளிக் கேட்டால் என்ன?

முதலில் ஒரு தெளிவு. அன்றைக்கு ஷார்டனே கிடையாது. பினோ, குவே பிளான் என்ற இரண்டு திராட்சைகளின் கலப்பில் பிறந்த பிள்ளை அது என்பதை 1999-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பிரான்சின் பர்கண்டி அதன் தாய்வீடு. தமிழகத்துக்கு வந்தது வேறு சரக்கு.

புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக்கடல் ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றில் கணிசமானவை இரட்டைக் கைப்பிடி கொண்ட கோஸ் தீவு வகை. (இதே வடிவ ஜாடியை இத்தாலியிலும் செய்தார்கள்.) கோஸ் ஒயினின் விசேஷம், அதில் கடல்நீர் கலப்பது. ரோமானியர் கேட்டோ அதற்கு செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். அளவு குறைந்ததை மறைக்க ஓர் அடிமை செய்த திருட்டுவேலைதான் இதன் ஆரம்பம் என்கிறார் பிளினி! வெள்ளைத் திராட்சைச் சாற்றில் இப்படிக் கலந்ததற்கு 'வெள்ளைக் கோஸ்' என்று தனிப்பெயர் இருந்ததையும் அவரே சொல்கிறார். ஆக, உப்புக் கரிக்கும் வெள்ளை ஒயின்.

சரி, இது கொங்குநாட்டுக்கு வந்ததா? கொமரலிங்கத்தைத் தொட்டு ஓடும் அமராவதி, தாராபுரம் தாண்டிக் கரூர் போகிறது. சங்க இலக்கியத்தின் ஆன்பொருநை இதுதான். கரூர் அகழாய்விலும் ஆம்போரா ஓடுகள் கிடைத்திருக்கின்றன. உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் புதையலாகக் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்குப் போக்குவரத்து இருந்த பகுதி இது.

ஆனால் இதை வைத்து "நம்ம முன்னோர் தினமும் ஒயின் குடிச்சாங்க" என்று முடிவு கட்டக்கூடாது. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளஸ்' நூல், முசிறிக்கு வந்த சரக்குகளில் காசு ஏராளம், ஒயின் கொஞ்சம் என்கிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ரோமானிய ஆம்போரா அளவு சுமார் 26 லிட்டர். ஜாடியின் கனத்தையும் சேர்த்துக் கணவாய் வழியாகச் சுமக்க வேண்டும். மிளகுக்கும் படியூர் பெரில் கல்லுக்கும் விலையாகக் காசு வாங்குவது எவ்வளவோ சுலபம்.

யவனர் கொண்டுவந்த தேறலைப் பாடும் புறநானூறு 56-ஆம் பாட்டிலும் அதைக் குடிப்பவன் பாண்டிய மன்னன். ஊற்றித் தருவது பொற்கலத்தில். ஊர்ச்சனத்துக்குக் கள்ளும், அரிசியில் வடித்த தோப்பியும்தான்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். மிளகாய் இங்கே வந்தது 16-ஆம் நூற்றாண்டில், போர்த்துக்கீசியர் வழியாக. அதனால் யவன ஒயின் இந்த மண்ணில் மிளகாயைச் சந்தித்ததே இல்லை. அதன் ஜோடி கொழுப்புள்ள சுட்ட இறைச்சி, மீன், மிளகுக் காரம்.

இது ஷார்டனேக்கும் உதவும் விஷயம். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் இன்னும் ஏற்றிவிடும். ஓக் பீப்பாயில் ஊறிய ஷார்டனே என்றால் மரத்தின் கசப்பும் மேலே வரும். காய்ந்த மிளகாய் அள்ளிப்போட்ட பள்ளிபாளையம் சிக்கனோடு குடித்தால் இரண்டும் கெடும். நெய் ஊற்றிய அரிசிம்பருப்புச் சாதம், தேங்காய்ப்பால் ஊற்றிய கோழி என்றால் ஓக் ஷார்டனேயின் வெண்ணெய் வாசம் இழைந்து போகும். ஓக் படாதது புளிப்புத் தூக்கலாக இருக்கும். மிளகு தடவிப் பொரித்த ஆற்றுமீனுக்குச் சரி. அதை நன்றாகக் குளிர வைத்து ஊற்றுங்கள். ஓக் வகைக்கு அவ்வளவு குளிர் வேண்டாம், வாசம் அமுங்கிவிடும்.

ஒரு பாட்டில் வாங்கினால், அன்றைக்கு மட்டும் மிளகாயைக் குறைத்து மிளகு போட்டுப் பாருங்கள். சங்ககாலத்துச் சமையல்காரருக்கு வேறு வழியே கிடையாது.