கண்ணிமைக்கு ஒரு குச்சி

டிசம்பர் மாதம் வந்தால் வாழ்த்து அட்டைகளில் தவறாமல் ஒரு வீடு வரும். கூரையெல்லாம் பனி. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே கணப்பு எரிகிறது. பாட்டி ஸ்வெட்டர் பின்னுகிறாள். காலடியில் ஒரு பூனை சுருண்டு கிடக்கிறது. ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிற நமக்குப் பெருமூச்சு வரும். ஆஹா, அங்கே போய் நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வந்தால் எப்படியிருக்கும்?

போகலாம். ஐஸ்லாந்துக்கே போகலாம். ஆனால் இன்றைய ஐஸ்லாந்துக்கு இல்லை. இருநூற்றைம்பது வருடம் பின்னால். ஒரே ஒரு எச்சரிக்கை. அங்கே யாரும் சும்மா இருக்க முடியாது.

டிசம்பர் கடைசியில் அந்த ஊரில் பகல் என்பது சுமார் நாலு மணி நேரம். காலை பதினொன்றரைக்குச் சூரியன் எட்டிப் பார்த்து, மூன்றரைக்கெல்லாம் போய்விடும். வீடு கட்ட மரம் கிடையாது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் குடியேறியவர்கள் வெட்டித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே புல்தரையை வேரோடு கட்டி கட்டியாகப் பெயர்த்து, அடுக்கி, அதையே சுவராகவும் கூரையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வீடு தெரியாது. புல் முளைத்த மேடு மாதிரிதான் இருக்கும்.

உள்ளே ஒரு நீளமான அறை. பெயர் பாத்ஸ்தோவா. நேர் அர்த்தம் குளியலறை! ஒரு காலத்தில் வெந்நீர் ஆவியில் குளிக்கிற அறையாக இருந்ததாம். விறகு போனதும் குளியலும் போனது. பெயர் மட்டும் மிச்சம். இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். ஒரு கட்டிலில் இரண்டு பேர். உட்கார்வது, சாப்பிடுவது, வேலை பார்ப்பது, பிள்ளை பெறுவது, சாவது, எல்லாம் அந்தக் கட்டிலில்தான். அந்த அறையில் பெரும்பாலும் அடுப்பு கிடையாது. மனிதர்களின் உடம்புச் சூடுதான் ஹீட்டர். சில வீடுகளில் கீழே மாட்டுத் தொழுவம், மேலே இந்த அறை. மாட்டின் சூடு மேலே வரும். வாசனையும்தான்.

சமையலறையில் எரிந்தது காய்ந்த ஆட்டுப் புழுக்கை. நம் ஊர் வறட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. விளக்கில் எரிந்தது மீன் ஈரல் எண்ணெய். சதுப்பில் முளைக்கிற பஞ்சுப்புல்தான் திரி. எண்ணெய் காசு என்பதால் இருட்டத் தொடங்கியதும் விளக்கேற்ற மாட்டார்கள். எல்லோரும் ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். நன்றாக இருட்டிய பிறகு எழுந்து விளக்கை ஏற்றினால், அப்புறம் ஆரம்பிக்கும் க்வோல்த்வாகா.

மாலை விழிப்பு என்று சொல்லலாம். எனக்கென்னவோ செகண்ட் ஷிஃப்ட் என்று சொல்வதுதான் சரி என்று படுகிறது. ஒருத்தர் கம்பளி மயிரைச் சிக்கெடுப்பார். ஒருத்தர் நூல் நூற்பார். நெய்த துணியை ஆண்கள் காலால் மிதித்து மிதித்து இறுக வைப்பார்கள். மீதி எல்லோர் கையிலும் பின்னல் ஊசி. பாட்டி மட்டுமில்லை சார். தாத்தா, அப்பா, வேலையாள், ஏழெட்டு வயதுப் பொடிசுகள் எல்லோரும் பின்னுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இத்தனை பின்னி முடிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு.

எதற்கு இந்தப் பாடு? பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில்தான் தூக்கம் கலைகிறது.

ஐஸ்லாந்தில் மத்திய காலத்தில் துணிதான் பணம். நாணயம் அச்சடிக்க வெள்ளி இல்லை. ஆடு மட்டும் இருந்தது. வாத்மால் என்கிற கெட்டிக் கம்பளித் துணியை முழம் போட்டு அளந்து, அதற்குச் சட்டப்படி மதிப்பு நிர்ணயித்திருந்தார்கள். ஒரு பசு மாட்டின் விலை 120 முழம். வரி, அபராதம், கடன் எல்லாம் முழக்கணக்குதான். யோசித்துப் பாருங்கள். அந்த நாட்டுப் பெண்கள் தறி முன்னால் நின்று நெய்தது துணியை அல்ல, ரூபாய் நோட்டை!

பதினாறாம் நூற்றாண்டில் வெளிநாட்டு வியாபாரிகள் மூலம் பின்னல் கலை வந்து இறங்கியது. தறி பெரிசு, ஒரே இடத்தில் நிற்கும். ஊசியோ பையில் போகும். நடந்துகொண்டே பின்னலாம், பின்னினார்கள். 1624-ம் வருடம் மட்டும் 72,000 ஜோடிக்கு மேல் சாக்ஸ் ஏற்றுமதி ஆனது. 1703-ல் தலை எண்ணிப் பார்த்தபோது மொத்த ஜனத்தொகையே 50,358 பேர்தான். கைக்குழந்தையையும் சேர்த்தாலும் ஆளுக்கு ஒரு ஜோடிக்கு மேல் வருகிறது. அதுவும் அவர்கள் போட்டுக்கொண்டது போக!

வாங்கியது யார்? டென்மார்க் வியாபாரிகள். 1602 முதல் 1787 வரை ஐஸ்லாந்தோடு வியாபாரம் செய்யும் உரிமை டென்மார்க் ராஜா கொடுத்த ஆட்களுக்கு மட்டும்தான். நீ எந்தத் துறைமுகத்தில் விற்க வேண்டும் என்பதுகூட அவர்கள் சொல்வதுதான். 1699-ல் ஹோல்ம்ஃபாஸ்தூர் என்கிற ஏழை, தன் பகுதி வியாபாரி வேண்டாம் என்ற சில மீன்களைப் பக்கத்துத் துறைமுகத்தில் விற்றுவிட்டார். கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். இந்த லட்சணத்தில் சாக்ஸுக்கு நீங்கள் விலை பேச முடியுமா? கொடுத்த தானியத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

சரி, இருட்டறை, மங்கல் வெளிச்சம், ஒரே வேலை. மணிக்கணக்கில் இதைச் செய்தால் என்ன ஆகும்? தூக்கம் வரும். தூங்கினால் சாக்ஸ் போச்சு. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் கதை.

விளக்குக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். மற்றவர்களுக்கு வெளிச்சம் தேவையில்லை. பின்னலுக்கு விரல் போதும். அவர் படித்தது பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சாகாக்கள். முன்னோர்களின் வெட்டுக்குத்து, பழிவாங்கல், நில வழக்கு. சில நாள் ரீமூர் என்கிற நீளமான பாட்டுக் கதையை ராகம் போட்டு இழுப்பார்கள். இதற்கென்றே பண்ணை பண்ணையாகப் போகிற ஆட்கள் இருந்தார்கள். சோறும் படுக்கையும் கூலி. நம்மூர் கதாகாலட்சேபக்காரர் மாதிரி. கடைசியில் வேதப் பிரசங்கம் வாசித்து, பாடி, விளக்கை அணைப்பார்கள். இந்த வெட்டிக் கதைகளைப் படிக்காதீர்கள், புத்தி கெட்டுப்போகும் என்று 1746-ல் அரசாங்கம் உத்தரவே போட்டது. யார் கேட்டார்கள்? புத்தகம் கிழிந்தால் உட்கார்ந்து கையால் பிரதி எடுத்தார்கள் விவசாயிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் எடுத்தார்கள்.

ஆனால் கதை மேல் இவ்வளவு காதல் இருந்தவர்கள் புத்தகத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1663-ல் பிறந்த ஆர்னி மாக்னுஸன் என்ற அறிஞர் ஊர் ஊராகப் போய்ப் பழைய கன்றுத்தோல் ஏடுகளைச் சேகரித்தார். ஓர் ஏட்டைச் சட்டை தைப்பதற்கு அளவு மாதிரியாக வெட்டி வைத்திருந்தார்கள். இன்னொன்று பிஷப் தொப்பி விறைப்பாக நிற்பதற்காக உள்ளே வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. கைத்தொழில்! ஏடு எதற்கு, கதைதான் காதில் இருக்கிறதே என்று நினைத்தார்களோ என்னவோ. மிஞ்சியதை அவர் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோனார். 1728-ல் ஊரே தீப்பிடித்தபோது கொஞ்சம் எரிந்தும் போனது. ஏடுகள் தாய்நாடு திரும்பத் தொடங்கியது 1971-ல். டென்மார்க் போர்க்கப்பலில் முதல் இரண்டு புத்தகங்கள் வந்து இறங்கிய அன்று துறைமுகத்தில் கூட்டம் நெரிந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? இப்போது அந்தக் கட்டில் வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் இல்லை. சொந்தமாகவோ குத்தகைக்கோ நிலம் இல்லாதவர் யாராக இருந்தாலும் ஒரு பண்ணையில் வருடக் கணக்கில் வேலையாளாகச் சேர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம். 1490-லிருந்தே இருக்கிறது. சோறு, படுக்கை, துணி, கொஞ்சம் கூலி. பெண்ணுக்கு ஆணின் கூலியில் பாதிதான். பின்னிய சாக்ஸ் முழுக்க எஜமானருக்கு. போதாததற்கு வெளியிலிருந்து நனைந்து வரும் ஆண்களின் ஈரச் சாக்ஸை இழுத்துக் கழற்றி, காய வைத்து, ஓட்டை தைத்துக் கொடுப்பதும் வேலைக்காரப் பெண்தான். கதை முடிந்து மற்றவர்கள் படுத்த பிறகும் அவளுக்கு ஊசி ஓயாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் இன்னும் மோசம். பண்டிகைக்குள் இலையுதிர் காலத்துக் கம்பளி முழுவதையும் முடித்தாக வேண்டும். கண் சொக்கினால்? சின்னச் சின்னக் குச்சிகளை இமையில் செருகிக் கண் மூடாமல் வைத்தார்கள் என்று நாட்டார் வழக்கங்களைத் தொகுத்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். விழிப்புக் குச்சி என்று அதற்குப் பெயரே இருக்கிறது. இமையைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூனையும் உண்டு. வாழ்த்து அட்டைப் பூனை அல்ல. ஆளை விழுங்குகிற பூதாகாரமான கிறிஸ்துமஸ் பூனை. பண்டிகைக்குப் புதுத்துணி கிடைக்காதவரை அது தின்றுவிடும் என்று சொல்வார்கள். வேலையை முடித்தவருக்குத்தான் எஜமானர் புதுசாக ஏதாவது கொடுப்பார். முடிக்காதவர் பூனைக்கு இரை. போனஸையும் சார்ஜ் ஷீட்டையும் ஒரே கதையில் வைத்த நிர்வாகத்தை என்னவென்பது!

1783 ஜூனில் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து விஷப்புகை புல்லில் படிந்தது. நாட்டின் ஆடுகளில் ஐந்தில் நாலு பங்கு செத்துப்போயின. பின்னாலேயே பஞ்சம். மனிதர்களில் ஐந்தில் ஒரு பங்கு போனார்கள். அதற்குப் பிறகும் மீதி ஆடுகளை வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறை அதே கட்டிலில் உட்கார்ந்து அதே கதையைக் கேட்டபடி பின்னியது.

அந்த அறையைக் கடைசியில் கலைத்தது வெள்ளைக்காரச் சீமை மண்ணெண்ணெயும் மில்லும்தான். மண்ணெண்ணெய் விளக்கு வந்ததும் வெளிச்சம் பெருகி ஆளுக்கொரு மூலையில் தனியாகப் படிக்க முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் நூற்பு மில் வந்தது. வேலையாள் சட்டம் தளர்ந்தது. ஜனங்கள் மீன்பிடி ஊர்களுக்கு நகர்ந்தார்கள். இன்றைக்கு ரெய்க்யாவிக் கடைத்தெருவில் டூரிஸ்ட்கள் பாரம்பரியம் என்று ஆசையாக வாங்குகிற, கழுத்தைச் சுற்றி வட்டமாக டிசைன் போட்ட ஸ்வெட்டர் இருக்கிறதே, அது 1950-களை ஒட்டிப் பிரபலமானது. க்வோல்த்வாகாவில் அதை யாரும் பின்னியதில்லை.

1930 டிசம்பரில் ஐஸ்லாந்து அரசு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. பழங்கதை, பாட்டு, வாசிப்பு எல்லாம் கலந்து மாலை நேரத்தில் ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். வைத்த பெயர், க்வோல்த்வாகா.