கலிவி கோடியைத் தேடி ஒரு புல்லட் பயணம்

திருத்தணி முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு புல்லட்டைக் கிளப்பினேன். நகரி, புத்தூர், ரேணிகுண்டா, ராஜம்பேட்டை தாண்டி கடப்பா பக்கம் சித்தவட்டம். வழியில கண்ணில் பட்டது ரெண்டு மயில், ஒரு உடும்பு, ரோட்டைக் குறுக்கே கடந்த ஒரு நரி. ஆனா நான் போனது கலிவி கோடிக்காக.

ராத்திரியில் மட்டும் நடமாடும் சின்னப் பறவை. டாக்டர் ஜெர்டன் கண்டெடுத்து 1848-ல் பெயர் வாங்கியது. 1900-க்கு அப்புறம் ஆளையே காணோம். அழிஞ்சே போச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரங்க தேடி வந்தப்ப, 1986 ஜனவரியில் உள்ளூர்க்காரர் ஒருவர் டார்ச் அடிச்சுப் பிடிச்சுக் கொடுத்தார். படிச்சவங்களுக்குத்தான் அது 86 வருஷமா தொலைஞ்சிருந்தது. ஊர்க்காரங்களுக்கு எப்பவும் கலிவி கோடிதான்!

சென்னைவாசிகளே, இதுல நமக்கும் பங்கு இருக்கு. நம்ம பூண்டி ஏரிக்கு கிருஷ்ணா தண்ணி தருதே தெலுங்கு கங்கைத் திட்டம், அதோட கால்வாய் ஒன்றை 2005-ல் இந்தப் பறவையின் புதர்க்காட்டுக்குள்ளேயே தோண்ட ஆரம்பிச்சாங்க. வனத்துறை தலையிட்டு, பாதையை மாத்தினாங்க. அப்படியும் சில வருஷத்துல பறவை மறுபடி மாயம். 2025 ஆகஸ்டில்தான் அதன் குரல் பதிவானது.

இருட்டினதும் ரோட்டோரமா வண்டியை அணைச்சுட்டு ஒரு மணி நேரம் நின்னேன். தவளைச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.