ஏகமனதாக ஏற்கப்பட்டது

எண்ணூரிலிருந்து காசிமேடு வரை கரையில் இன்று நிற்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் அபூர்வமாகிவிட்டது. ஆனால் கட்டுமரத்துக்கு மாற்றுத் தேடும் வேலை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது.

1950களிலேயே ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் பால் சீனர் போன்ற படகு வடிவமைப்பு நிபுணர்களை இங்கே அனுப்பியது. கட்டுமரத்துக்கான மரம் அரிதாகி விலை ஏறிய காலத்தில், 1979-இல், ஸ்வீடன் நாட்டு நிதியோடு வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அலை உடையும் கரையில் இறக்கி ஏற்றக்கூடிய படகுகளை வரைந்து, கட்டி, மீனவரிடம் கொடுத்துச் சோதித்தார்கள்.

கட்டுமரத்தை வெல்வது சுலபமா? கயிற்றால் கட்டிய நாலைந்து கட்டைகள்தான். ஆனால் மூழ்காது. கரைக்கு வந்ததும் பிரித்துக் காயப்போடலாம். இன்ஜின் வைத்த படகோ கனம். கரையேற்ற ஆள்பலம் வேண்டும்.

அந்தக் காலத்தில் மீனவர் கூட்டம் ஒன்றுக்குக் குறிப்பெடுக்க என்னை அனுப்பினார்கள். அதிகாரி ஒருவர் படகின் வரைபடத்தை விரித்து விளக்கிவிட்டு, "ஆட்சேபணை உண்டா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதினேன். வெளியே டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "இத்த கரையேத்த ஆறு பேர் வேணும் சார். எங்கூட்ல நானும் எம் புள்ளையுந்தான்." உள்ளே ஏன் சொல்லவில்லை என்றேன். "அவுரு நாற்காலில, நாங்க தரையில. எப்டி சார் சொல்றது?" என்றார்.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் கூட்டக் குறிப்பை 'ப்ரோசே வெர்பால்' என்பார்கள். 'வெர்பால்' என்றால் வாய்மொழி. வாய் திறக்காதவன் நினைத்தது அதில் ஏறாது. நான் எழுதியதிலும் ஏறவில்லை. அந்தப் பெரியவர் சொன்னதை ஃபைலில் சேர்க்க எனக்கு அன்று துணிவில்லை.

துணிந்த ஒருவர் இருந்தார். கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் மீனவருக்காக ப்ளைவுட் படகு கட்டிய பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே. அவர் 1985-இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. 'சிறியதே அழகு' என்ற ஷூமேக்கரின் பிரபலமான தலைப்பைத் திருப்பிப் போட்டு, சிறியது கடினம் என்றார். வெற்றியோடு பட்ட வேதனையையும் துணைத்தலைப்பிலேயே சேர்த்துக்கொண்டார். ப்ளைவுட் படகு, வெளியே மாட்டும் மோட்டாரும் வந்து சேர, குமரியிலும் கேரளக் கரையிலும் பரவியது.

இன்று எதற்கெடுத்தாலும் 'மக்களோடு சேர்ந்து திட்டமிடும்' பட்டறை நடக்கிறது. வண்ணச் சீட்டுகள், வட்டமேஜை எல்லாம் உண்டு. நடத்துகிற பிள்ளைகளுக்கு இந்தப் பழைய குமாஸ்தா சொல்வது இதுதான். கூட்டம் முடிந்ததும் மூன்று விஷயங்களை எழுதிவையுங்கள்: யார் பேசவில்லை, டீக்கடையில் என்ன பேசினார்கள், அதைக் கேட்டு வரைபடத்தில் எந்தக் கோட்டை மாற்றினீர்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், நீங்களும் என்னைப்போல 'ஏகமனதாக' எழுதியவர்தான்.